வாதுமை எண்ணெயும் மின்முனை மாற்றமும்

ஒத்த மின்தன்மையுடையன ஒன்றையொன்று விலக்கும் என்பது யாவரும் அறிந்த விதி. ஆல்டிகைடு என்னும் சேர்மங்களில் ஆக்சிசனோடு இரட்டைப் பிணைப்புற்ற கரியணு நேர்மின் சாயலுடையது. அத்தகைய கரியணுக்கள் இரண்டு தம்முள் நேரே பிணைதல் அரிது என்றே எவரும் கருதுவர். ஆயினும் பென்சாயின் தோன்றும் வினையில் அவை பிணைகின்றன. இம்முரண் தீர்ந்த வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

1832ஆம் ஆண்டில் வோலர் தம் மனைவியை இழந்தார். துயருற்ற அவர் கீசன் நகரில் நண்பர் லீபிக்குடன் தங்கிக் கசப்பு வாதுமை எண்ணெயை ஆராயத் தலைப்பட்டார். பென்சாயில் தொகுதி பற்றிய அவ்விருவரின் கட்டுரையைப் போற்றுவோர் பலர். அதே ஆராய்ச்சியில் இடம்பெற்ற பென்சாயினை நின்று நோக்குவோர் சிலரே. இயற்கையாகக் கிடைக்கும் அவ்வெண்ணெயில் ஐதரசன் சயனைடு கலந்திருக்கும். மாசு என ஒதுக்கத்தக்க அந்நஞ்சே வினையை நிகழ்த்துவது என்பதும், அதன் சிறிதளவே அதற்குப் போதும் என்பதும் லீபிக்கிடம் பயின்ற உருசிய அறிஞர் சினின், 1839ஆம் ஆண்டை ஒட்டிச் செய்த ஆய்வுகளால் விளங்கின.

நிகழ்வது தெரிந்தது, நிகழும் முறை தெரிந்திலது. அதனைக் கூறியவர் ஆங்கில நாட்டு லாப்வொர்த்து (1903). சயனைடு முதலில் ஓர் ஆல்டிகைடின் கரியணுவைப் பற்றுகின்றது. பற்றியபின் அக்கரியணுவிலுள்ள ஐதரசன் எளிதில் நீங்குகின்றது. நீங்கவே, நேர்மின் சாயலுற்றிருந்த கரியணு எதிர்மின் சாயல் பெறுகின்றது. அது மற்றோர் ஆல்டிகைடின் நேர்மின் கரியணுவோடு பிணைந்ததும் சயனைடு விலகி, மீண்டும் அதே தொழிலுக்கு அணியமாகின்றது. மின்முனை மாற்றத்தை வினையூக்கியே நிகழ்த்துதல் என்பது இதுவே.

நஞ்சு செய்யும் இத்தொழிலை உயிருடல் எதனைக்கொண்டு செய்கின்றது? விடை அரிசித் தவிட்டில் இருந்தது. தீட்டிய அரிசியுண்ட கோழிகள் நரம்புநோயுற்றதை யாவாத் தீவில் ஐக்குமான் கண்டது 1890களில். அந்நோய் தீர்க்கும் பொருளை யான்செனும் தோனத்தும் 1926இல் தவிட்டினின்று படிகமாகப் பிரித்தனர். அதுவே தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து. நொதியத்தில் பைருவிக் அமிலம் சிதைவதற்கு அதன் பாசுபேட்டு வடிவம் துணைபுரிவதை 1937இல் லோமானும் சூசுதரும் காட்டினர். தயசோலியம் உப்புகள் சயனைடின்றியே பென்சாயினை விளைத்தல் 1943இல் சப்பானியரான உகாய் குழுவினரால் அறியப்பட்டது.

இவ்விழைகளை ஒன்றாக முறுக்கியவர் அமெரிக்கரான பிரெசுலோ. தயசோலியம் வளையத்தில் கந்தகத்துக்கும் நைதரசனுக்கும் இடையிலுள்ள கரியணுவின் ஐதரசன் கனநீரில் விரைந்து மாறுதலைக் கண்டு, அவ்விடமே சயனைடு போலத் தொழிற்படுகின்றது என 1958இல் நிறுவினார். உயிர் கொல்லும் பொருளும் உயிர் காக்கும் பொருளும் இவ்வினையில் ஒரு பணியினவே.

கோரியும் சீபாக்கும் 1965இல் வெளியிட்ட டைதயேன் முறையிலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்குவாரும் உளர். அது நமக்கு உடன்பாடன்று. அம்முறையில் கந்தகத் தொகுதியை முழு அளவில் ஏற்றிப் பின் நீக்குதல் வேண்டும்; வினையூக்கியோ தானே மீள்வது. ‘உம்போலுங்கு’ என்னும் செருமானியப் பெயரை 1979இல் சீபாக்கின் கட்டுரை பரப்பிற்று. பெயர் பரவியது பின்னர். பொருள் வாதுமை எண்ணெயிலேயே இருந்தது. பிரெசுலோ உய்த்துணர்ந்த இடைநிலைச் சேர்மத்தின் வகையைச் சேர்ந்த ஈனால்களைக் கோலோன் நகரில் பெர்க்கெசல் குழுவினர் 2012இல் ஆக்கி நேரிற் கண்டனர்.