உருளி, அம்மி, குக்கர்

பாதாம் அல்வாவைக் காவிரிக் கரைப் பலகாரம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் பக்கம் நெல் விளைகிறது, தென்னை காய்க்கிறது, கரும்பாலையில் வெல்லம் இறங்குகிறது. அதிரசமும் அரிசிப் பாயசமும் அந்த மண்ணில் பிறந்தவை. பாதாம் மரம் தஞ்சாவூர் ஜில்லா முழுக்கத் தேடினாலும் கிடையாது. தெருவோரம் நிழலுக்கு நிற்கிற நாட்டு வாதுமை வேறு இனம். பள்ளிக்கூடத்துப் பையன்கள் அதன் கொட்டையைக் கல்லால் உடைத்து உள்ளே இருக்கும் மெல்லிய பருப்பைத் தின்பார்கள். அதில் அல்வா கிண்டுவதென்றால் ஊரில் உள்ள மரத்தையெல்லாம் உலுக்க வேண்டும்.

நிஜப் பாதாம் குளிர் நாட்டுச் சரக்கு. ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் மலை இறங்கி வந்தது. தாகூர் 1892-இல் எழுதிய காபூலிவாலா கதையில் வருகிற உலர்பழ வியாபாரி கற்பனைப் பாத்திரம்தான், ஆனால் அந்தத் தொழில் கற்பனை இல்லை. 1947-இல் தேசம் பிரிந்ததும் அந்தத் தரைவழியின் குறுக்கே புது எல்லை விழுந்தது. ஆக, கும்பகோணத்து மளிகைக் கடையில் பாதாம் என்பது கண்ணாடி ஜாடியில் மேல் தட்டில் இருக்கும் சாமான். வீடுகளில் பூட்டிய டப்பாவில் இருக்கும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு இரண்டு பருப்பை ஊறவைத்து அரைத்துப் பாலில் கலந்து கொடுப்பார்கள். கிட்டத்தட்ட மருந்துதான். அதைப் படிக் கணக்கில் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் கொட்டிக் கிண்டுவதெல்லாம் கல்யாண வீட்டு ராஜாங்கம்.

எங்களுக்குக் கும்பேஸ்வரர் கோயில் சன்னதியில் பாத்திரக்கடை. அப்பா காலத்தில் பித்தளைத் தவலை, வெண்கலப் பானை, ஈயச் சொம்பு, உருளி இவைதான் வியாபாரம். அதனால் எனக்கு இந்த அல்வாவின் சரித்திரம் தின்றவன் பக்கத்திலிருந்து தெரியாது, பாத்திரத்தின் பக்கத்திலிருந்துதான் தெரியும். முகூர்த்த மாதம் வந்தால் பெரிய உருளிகளை வாடகைக்குக் கேட்டு ஆள் வரும். பித்தளை என்றால் முதலில் ஈயம் பூச வேண்டும். பாத்திரத்தைத் தேய்த்துச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, ஈயத்தை உருக்கிப் பஞ்சால் ஒரே இழுப்பில் ஓட்டுவார் ஈயம் பூசுகிறவர். பழுப்பாக இருந்த உள்பக்கம் கண்ணெதிரே வெள்ளியாக மாறும். வெண்கல உருளிக்கு அந்த வேலை இல்லை. கனம் அதிகம், சூடு ஒரே சீராகப் பரவும், அதனால் அல்வாவுக்கு அதைத்தான் சமையல்காரர்கள் கேட்பார்கள்.

உருளி போன கையோடு சில சமயம் நானும் போவேன், திரும்ப வாங்கி வரவேண்டுமே. கொல்லைப்புறத்தில் முந்தின நாளே வேலை ஆரம்பித்துவிடும். வெந்நீரில் ஊறிய பாதாமைச் சுற்றி நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் பருப்பு தோலை விட்டுத் துள்ளி எதிர்ப்பக்கம் போய் விழும். பிறகு அம்மி. பால் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். தண்ணீரில் அரைத்தால் ருசி மட்டு என்பார்கள். ரொம்ப நைஸாகவும் கூடாது, விரலில் எடுத்தால் சன்ன ரவையாக உறுத்த வேண்டும். அரைக்கிறவர் தோள் ஓய்ந்து இன்னொருவர் மாறுவார். அதன் பிறகுதான் அடுப்பு, சர்க்கரைப் பாகு, விழுதைக் கொட்டி மரத்துடுப்பால் அடி தொட்டுக் கிளறுவது, கரண்டி கரண்டியாக நெய். விழுது கொதிக்கும்போது குமிழி வெடித்துக் கைமேல் தெறிக்கும். துடுப்புப் பிடிக்கிறவர் முழங்கை வரை துணி சுற்றியிருப்பார். உருளியின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வந்து, தின்ற நெய்யைக் கக்கத் தொடங்கினால் இறக்கலாம். சிறு சிறு உருண்டையாக எடுத்து வெண்ணெய்த் தாளில் மடித்து, சாப்பாட்டு இலையின் ஓரத்தில் ஒன்றே ஒன்று வைப்பார்கள். இரண்டாவது கேட்கிற தைரியம் சம்பந்தி வீட்டாருக்கு மட்டும்.

இந்த அல்வாவை வீட்டு அடுப்புக்குக் கொண்டுவந்ததாகப் பிற்பாடு பேர் வாங்கிய குக்கரின் கதை, இதற்குச் சம்பந்தமே இல்லாத ஊரில் ஆரம்பிக்கிறது. தெனி பாப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கனத்த இரும்புப் பாத்திரத்தைக் காட்டினார். மூடியை இறுக்கி முடுக்கிவிட்டு உள்ளே நீராவியை அடைத்தால் எலும்புகூட மெத்தென்று ஆகிவிடும் என்பது அவர் கண்டது. 1682-இல் அந்தச் சபையாருக்கு அதில் சமைத்தே ராச்சாப்பாடு போட்டார். ஜான் எவ்லின் என்பவர் அதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பாத்திரம் வெடிக்காமல் இருக்க மூடியில் ஒரு துளை போட்டு, அதன்மேல் நெம்புகோலோடு ஒரு எடையை வைத்தார் பாப்பேன். நம் வீட்டுக் குக்கர் மூடிமேல் உட்கார்ந்து கத்துகிற வெயிட், அந்த எடையின் பேத்தி.

நம் தேசத்தில் முதலில் பேர் வாங்கிய குக்கரில் அழுத்தமே கிடையாது. கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்ற டாக்டர் 1910-இல் செய்த இக்மிக் குக்கர், அடியில் கரி, மேலே அடுக்கு அடுக்காகக் கிண்ணம், நடுவில் ஆவி. வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய்வரலாம், அது பாட்டுக்கு வேகும். தமிழ்நாட்டில் அதே வழியில் வந்தது ருக்மணி குக்கர். தனியாக ரூம் எடுத்துத் தங்கிய குமாஸ்தாக்களுக்கு அது தாயார் ஸ்தானம். ஆனால் அதில் அல்வா வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. சாதம், பருப்பு, ஒரு காய், அதோடு சரி.

1959-ஐ ஒட்டி இரண்டு கம்பெனிகள் இங்கேயே பிரஷர் குக்கர் செய்யத் தொடங்கின. சென்னையில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1928-இல் ஆரம்பித்த வியாபாரக் குழுமத்தின் பிரெஸ்டீஜ் ஒன்று, பம்பாயின் ஹாக்கின்ஸ் மற்றொன்று. எங்கள் கடைப் பேச்சில் முதலாவது வெளிமூடி, இரண்டாவது உள்மூடி. அப்பாவுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. அலுமினியத்தைப் பாத்திரமாகவே அவர் மதித்ததில்லை. “எடை போட்டு விற்க முடியாத சாமானை என்னடா கணக்கில் சேர்ப்பது?” என்பார். பித்தளை எடைக்கு விற்கும், பழசைக் கொடுத்தால் எடைக்கு எடுத்துக்கொள்வோம். குக்கருக்கு அட்டைப் பெட்டியும் அச்சடித்த விலையும். வாங்க வந்தவர்களுக்கோ பயம். விசில் வந்தால் மாமிகள் கூடத்துக்கு ஓடுவார்கள் என்பது வேடிக்கைக்குச் சொல்கிற கதையில்லை, கடையில் தண்ணீர் ஊற்றிக் காட்டும்போது நானே பார்த்திருக்கிறேன்.

அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. மூடியில் பாதுகாப்புக்கென்று ஒரு வால்வு உண்டு. அதன் நடுவில் சீக்கிரம் உருகுகிற ஒரு கலப்பு உலோகத்தை அடைத்திருப்பார்கள். உள்ளே தண்ணீர் வற்றிச் சூடு எல்லை தாண்டினால் அது உருகி ஆவிக்கு வழிவிடும். ஒருமுறை உருகியதைத் திரும்பப் பயன்படுத்த முடியாது, புதிது போட வேண்டும். அந்தச் செலவுக்குச் சோம்பி, ஓட்டையில் ஆணியைத் திருகி அடைத்துக்கொண்டு ரிப்பேருக்கு வந்தவர்கள் உண்டு. மலிவு விலைப் போலி வால்வு, மூடிக்குப் போடுகிற போலி ரப்பர் வேறு. குக்கர் வெடித்தது என்று ஊரில் அடிபட்ட பேச்சுகளில் பாதி இந்த வகை.

பயத்தை ஜெயித்தது எரிபொருள். விறகு விலை ஏறியது, மண்ணெண்ணெய்க்கு வரிசை, 1965-இல் இண்டேன் வந்த பிறகும் காஸ் இணைப்புக்கு வருஷக் கணக்கில் காத்திருப்பு. சிலிண்டர் வந்த வீட்டில் அது தீர்ந்துவிடக் கூடாதே என்ற கவலை. பருப்பு ஒரு மணி நேரம் வேகிற வீட்டில் பத்து நிமிஷத்தில் வேகிறது என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? வெயிட் போட்ட குக்கருக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கூடுகிறது. 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 வரை போகிறது. அந்த 20 டிகிரிதான் மொத்த வித்தையும்.

பருப்பு வெந்தாயிற்று, இனிப்பு ஏன் வேகாது என்று பெண்கள் இறங்கினார்கள். முதலில் எல்லோரும் செய்தது ஒரே காரியம்: அரைத்த பாதாம், பால், சர்க்கரை எல்லாவற்றையும் குக்கருக்குள்ளேயே நேராக ஊற்றி மூடிவிடுவது. விளைவு மறுநாள் என் மேஜைக்கு வரும். பால் பொங்கி, விழுது மேலேறி, வெயிட் உட்காருகிற குழாயை அடைத்திருக்கும். சர்க்கரை காய்ந்து கல்லாகி, வெந்நீரில் ஊறப்போட்டுக் கம்பியை விட்டுக் குத்தினால்தான் வழி திறக்கும். அடியில் கருகிய அல்வாவின் வாசனை கடைத்தெரு முழுக்க. குழாய் அடைபட்ட குக்கர் ஆபத்து என்று சொன்னால், “மேலாகத்தானே அடைத்திருக்கிறது தம்பி” என்பார்கள்.

சரியான வழியை எனக்குச் சொன்னது கடைக்கு ரப்பர் வாங்க வந்த ஒரு மாமி. பாதாமை ஒரு விசில் விட்டு இறக்கினால் இரவு முழுக்க ஊற வேண்டியதில்லை, தோல் கையோடு வந்துவிடும். உரித்ததைப் பாலில் அரைத்து, விழுதுக்குச் சமமாகச் சர்க்கரையும் இரண்டு ஸ்பூன் நெய்யும் கலந்து, ஒரு உள்பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாமல் ஊற்ற வேண்டும். குக்கர் அடியில் தண்ணீர், தட்டு, அதன்மேல் இந்தப் பாத்திரம், அதற்கும் ஒரு மூடி. மூன்று விசில். திறந்தால் பச்சை வாசனை போய்க் கெட்டியாகச் சேர்ந்திருக்கும், அடிப்பிடிக்க வழியே இல்லை, ஏனென்றால் நெருப்பு அதைத் தொடவே இல்லை. அதை வாணலிக்கு மாற்றி, மீதி நெய்யை விட்டு, பாலில் கரைத்த குங்குமப்பூவைச் சேர்த்துப் பத்துப் பதினைந்து நிமிஷம் கிளறினால் தீர்ந்தது. ஒரு மணி நேரத் துடுப்பு வேலை கால்வாசியாகிவிடுகிறது.

அந்தக் கால்வாசியை மட்டும் குக்கரால் குறைக்க முடியாது. அல்வா என்பதே விழுதிலிருந்து நீரை விரட்டுகிற வேலை. குக்கரோ மூடிப் பிடித்து நீரை உள்ளேயே வைத்துக்கொள்கிற சாதனம். வேகவைக்கும், சுண்டவைக்காது. குக்கரிலேயே முழு அல்வாவும் ஆகிவிடும் என்று சொல்கிறவர்கள் சாப்பிடுவது இனிப்புக் களி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், குக்கர் விற்றவனே சொன்னால்தான் எடுபடும். பாதாம் அல்வா வீட்டுக்குள் வந்ததற்கான பெருமை குக்கருக்கு அளவுக்கு மீறிப் போய்விட்டது. பெரும்பங்கு மிக்ஸிக்குச் சேர வேண்டியது. 1963-இல் பம்பாயில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற என்ஜினியர் சுமீத் மிக்ஸியைக் கொண்டுவந்தார். நம் ஊர் உளுந்தையும் மஞ்சளையும் தாங்குகிற மோட்டார். 1978-இல் சென்னையிலிருந்து ப்ரீத்தி. அல்வாவில் மனுஷியை முறித்த வேலை அடுப்படியில் இல்லை, அம்மியடியில் இருந்தது. அந்த அரைப்பு இரண்டு நிமிஷமானதும்தான் நூறு கிராம் பாதாமில் ஒரு கிண்ணம் அல்வா செய்து பார்க்கலாம் என்ற எண்ணமே வீட்டில் பிறந்தது. அதுவரை செய்தால் கல்யாணத்துக்கு, இல்லையென்றால் இல்லை. மிக்ஸியிலும் ஒரு குறை உண்டு. நிறுத்தாமல் ஓட்டினால் சூடேறிப் பாதாமிலிருந்து எண்ணெய் பிரியும். விட்டு விட்டுச் சுற்ற வேண்டும்.

அல்வா வீட்டுக்குள் வந்ததற்கு மூன்றாவது காரணம் அமெரிக்கா. இன்று உலகத்துப் பாதாமில் ஏறக்குறைய 80 சதவீதம் கலிபோர்னியாவில் விளைகிறது, நம் ஊர்ப் பொட்டலத்தில் இருப்பதும் பெரும்பாலும் அதுதான். காபூல் பாதாமில் எண்ணெய்ச் சத்து அதிகம், அதற்கு நெய் குறைவாகப் பிடிக்கும் என்று பழைய சமையல்காரர்கள் குறைப்படுவார்கள். அவர்களே பாதிக்குப் பாதி பண்ருட்டி முந்திரியைக் கலந்து, எசன்ஸ் இரண்டு சொட்டும் மஞ்சள் கலரும் விட்டுப் பாதாம் அல்வா என்று பரிமாறுகிறார்கள் என்பதையும் நான் கொல்லைப்புறத்தில் நின்று பார்த்தவன். முந்திரி கலந்தால் நிறம் வெளுத்து, வாயில் மாவாகக் குழையும். தனிப் பாதாம் என்றால் அந்தச் சன்ன ரவை நாக்கில் தட்டுப்படும்.

இப்போது கடையில் என் மகன் உட்காருகிறான். ஸ்டீல் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்புக்கானது, பட்டனை அழுத்திவிட்டால் வெந்ததும் தானே அணைகிற மின்சாரக் குக்கர் எல்லாம் விற்கிறான். அல்வாவுக்கு எது நல்லது என்று கேட்டு வருகிறவர்களை என்னிடம் அனுப்புவான். எந்தக் குக்கரானாலும் சரி, அதற்கு இன்னொரு ரப்பர் வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். சாம்பார் வைத்த ரப்பரில் பெருங்காயமும் புளியும் ஏறியிருக்கும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. மூன்று விசிலுக்குள் அந்த வாசனை பாதாமில் இறங்கிவிடும். இனிப்புக்கென்று ஒரு ரப்பரைத் தனியாக ஆணியில் மாட்டி வையுங்கள்.