ஹாம்பர்க் காலராப் பெருந்தொற்று, 1892

ஜெர்மனியின் மிகப் பெரிய துறைமுக நகரான ஹாம்பர்க்கில் 1892 ஆகஸ்ட் நடுவில் தொடங்கிச் சில மாதங்கள் நீடித்த கொள்ளைநோய். சுமார் 17,000 பேர் நோயுற்றனர். 8,600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். லண்டன் 1866க்குப் பிறகு பெரிய காலராவைக் கண்டதில்லை. காலராக் கிருமியை ராபர்ட் கோக் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து அடையாளம் கண்டு எட்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. காரணமும் தடுக்கும் வழியும் தெரிந்திருந்த காலத்தில், பணத்துக்குப் பஞ்சமில்லாத நகரமொன்றில் இத்தனை பேர் மாண்டதால் பொதுச் சுகாதார வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு.

நகரும் தண்ணீரும்

ஹாம்பர்க் ஜெர்மானியப் பேரரசுக்குள் தன்னாட்சி பெற்ற நகர அரசு. செனட்டும் பிரதிநிதிகள் அவையும் அதை ஆண்டன. அவையின் 160 இடங்களில் 40 நில உரிமையாளர்களுக்கும், 40 நகரப் பிரமுகர்களுக்கும் ஒதுக்கப்பட்டவை. மீதி 80 இடங்களுக்கு வாக்களிக்கவும் கட்டணம் செலுத்திக் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். துறைமுகக் கூலிகளில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை.

1842இல் நகரின் மையப்பகுதியை எரித்த பெருந்தீக்குப் பிறகு, ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் லிண்ட்லி பாதாளச் சாக்கடையும் குழாய்க் குடிநீரும் அமைத்தார். அன்றைய ஐரோப்பாவில் அது முன்னோடித் திட்டம். ஆனால் எல்பே ஆற்றில் எடுத்த தண்ணீர் தொட்டிகளில் சிறிது நேரம் தெளியவைக்கப்பட்டு அப்படியே வீடுகளுக்குப் போனது. குழாய்க்குள் விலாங்கும் பூச்சிபுழுக்களும் வாழ்ந்தன. 1880களில் விலங்கியலாளர் ஒருவர் அவற்றை வகைப்படுத்தித் தனி ஆய்வே வெளியிட்டார். வடிகட்டி கட்டும் யோசனை பல பத்தாண்டுகள் பேச்சிலேயே கிடந்தது. செலவை யார் ஏற்பது, எந்த முறை மலிவு என்ற வாதங்களில் காலம் கழிந்து, 1890இல்தான் ஒப்புதல் கிடைத்தது. வேலை முடியும் முன்பே நோய் வந்துவிட்டது.

நோய் பரவியது

1892 கோடையில் வெயில் கடுமையாக இருந்தது, ஆறு வற்றியிருந்தது. நகரின் கழிவு எல்பேயில் கலந்து கடலை நோக்கிப் போனாலும், கடல் ஏற்றத்தின்போது ஆறு பின்னோக்கிப் பாயும். மேற்புறம் இருந்த நீர் எடுக்கும் இடம்வரை கழிவு எட்டிவிட்டது. அங்கிருந்து குழாய்வழியே ஒரே சமயத்தில் நகரெங்கும் கிருமி போய்ச் சேர்ந்தது.

ஆகஸ்ட் நடுவிலேயே நோயாளிகள் மருத்துவமனைக்கு வந்தனர். ஆனால் அறிவிப்பு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. காலரா என்று சொன்னால் துறைமுகம் முடங்கும், வாணிபம் நிற்கும் என்ற அச்சம் ஆட்சியாளர்களுக்கு இருந்தது. அந்த நாட்களில் குடியேறிகளை ஏற்றிய கப்பல்கள் நியூயார்க்குக்குப் புறப்பட்டன. நடுக்கடலில் பயணிகள் இறந்தனர். ஆகஸ்ட் 24 அன்று பெர்லினிலிருந்து கோக் வந்து சேர்ந்தார். அவர் சொன்னபடி பொதுக்கூட்டங்கள் தடைசெய்யப்பட்டன. காய்ச்சிய தண்ணீர் வண்டிகளில் வழங்கப்பட்டது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லும் துண்டறிக்கைகளை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தவர்கள் சோஷல் டெமாக்ரட் கட்சியினர். அரசு சந்தேகக் கண்ணோடு பார்த்துவந்த அவர்களுக்குத்தான் தொழிலாளர் தெருக்கள் பழக்கம்.

குறைந்த வருமானமுள்ளவர்களே மிக அதிகமாக இறந்தனர். வசதியுள்ள வீட்டில் காய்ச்ச அடுப்பும் ஆளும் இருந்தன. ஊரைவிட்டுப் போகவும் வழி இருந்தது. துறைமுகத்தை ஒட்டிய சந்துக் குடியிருப்புகளில் பல குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை. ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா போகக் காத்திருந்த யூதக் குடியேறிகள்மீது பழி போடப்பட்டது. கிருமி அவர்கள் வழியே வந்திருந்தாலும்கூட, அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது நகராட்சிக் குழாய்தான்.

அல்ட்டோனா

ஹாம்பர்க்கோடு ஒட்டிக் கிடந்த அல்ட்டோனா பிரஷ்யாவைச் சேர்ந்தது. அதுவும் எல்பேத் தண்ணீரையே குடித்தது. அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்தபின் கீழே வரும் தண்ணீரை. இருந்தும் அங்கே காலரா பெரிதாகப் பரவவில்லை. இறந்தவர்கள் சில நூறு பேரே. 1859 முதல் பிளாங்கெனீஸ் குன்றில் அந்நகருக்கு மணல் வடிகட்டி இருந்தது.

இரு நகரங்களின் எல்லைத் தெருவில் ஒரு பக்கம் பிணம் விழுந்தது, மறுபக்கம் இல்லை. இதில் மறுக்கவே முடியாத சான்று ஒரு முற்றக் குடியிருப்பு. ஹாம்பர்க் மண்ணில் இருந்தாலும் அல்ட்டோனாக் குழாயில் தண்ணீர் பெற்ற அங்கே நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்தும், ஒருவருக்கும் காலரா வரவில்லை. மண், காற்று, வறுமை எல்லாம் ஒன்றே. தண்ணீர் மட்டும் வேறு.

அல்ட்டோனாவின் மணல் வடிகட்டியின் வேலை எளிது, ஆனால் பொறுமை கேட்பது. மணற்படுகையின் மேல் சில நாட்களில் நுண்ணுயிர்கள் வழவழப்பான ஏடாகப் படியும். கிருமியைப் பிடிப்பதில் பெரும்பங்கு அந்த ஏட்டுக்கே. மணிக்குச் சுமார் 10 செ.மீ.க்கு மேல் நீரை இறங்கவிடக் கூடாது. ஏடு அடைத்துக்கொண்டால் சுரண்டி எடுத்து, புதிதாகப் படியும்வரை காத்திருக்க வேண்டும். 1893 ஜனவரியில், உறைபனியில் துப்புரவு செய்யப்பட்ட ஒரு படுகையில் மணல் உறைந்து வடிகட்டல் கெட்டபோது, அல்ட்டோனாவிலும் காலரா தலைகாட்டியது. கட்டினால் மட்டும் போதாது, நாள்தோறும் கவனிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான ஆதாரம் கிடைப்பது அரிது.

அறிவியல் சர்ச்சை

மியூனிக்கின் சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், கிருமி மட்டும் நோய் தராது, மண்ணின் நிலையும் ஒத்துவர வேண்டும் என்றார். 1892 அக்டோபர் 7 அன்று, 73 வயதில், காலராக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். லேசான வயிற்றுப்போக்கோடு தப்பினார். ஆனால் அல்ட்டோனாவின் சான்றுக்கு அவர் கோட்பாட்டில் விடை இல்லை.

பின்விளைவுகள்

கால்டெஹோஃபே தீவில் ஹாம்பர்க்கின் வடிகட்டி நிலையம் 1893 மே மாதம் அவசரமாகத் திறக்கப்பட்டது. அந்நகரச் சுகாதார அதிகாரி ரைன்கே, நல்ல தண்ணீர் வந்தபின் டைஃபாய்டு மட்டுமல்ல, தண்ணீரோடு தொடர்பில்லாததாகக் கருதப்பட்ட நோய்களின் சாவும் குறைந்ததைக் கவனித்தார். அமெரிக்காவின் லாரன்ஸ் நகரில் ஹிராம் மில்ஸும் இதையே கண்டதால், இது மில்ஸ்–ரைன்கே விளைவு எனப்படுகிறது. தொற்றுக்குப் பயந்து சுற்றுப்புற விவசாயிகள் நகரக் குப்பையை ஏற்க மறுத்ததால், 1896இல் ஹாம்பர்க்கில் ஜெர்மனியின் முதல் குப்பை எரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. சந்துக் குடியிருப்புகளை இடிக்கும் வேலை பல ஆண்டுகள் நடந்தது. அங்கிருந்த ஏழைகளில் பலருக்குப் புதிய கட்டடங்களின் வாடகை எட்டவில்லை.

குடியுரிமைக் கட்டணம் 1896இல் நீக்கப்பட்டது. சோஷல் டெமாக்ரட் கட்சி அவைக்குள் வளரத் தொடங்கியதும், 1906இல் வருமானத்தை வைத்து வாக்குரிமை மீண்டும் இறுக்கப்பட்டது. அனைவருக்கும் சமமான வாக்கு 1919இல் வந்தது.