வேட்டை நாயின் குலமும் குணமும்

மறையூரில் பாறைகளின்மேல் நிற்கும் பழங்காலக் கற்றிட்டைகளைக் கண்டோர், அம்மலைகளில் மாந்தர் எத்துணைத் தொன்மைக் காலந்தொட்டு வாழ்ந்து வந்தனர் என்பதை உணர்வர். காட்டை அண்டி வாழ்ந்தோர்க்கு நாயே உற்ற துணை. சங்கப் புலவர் அதனை ‘ஞமலி’ என்றும் வழங்கினர்.

மறையூருக்குத் தெற்கே, மேற்கு மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளது கோம்பை. அவ்வூர்ப் பெயர் தாங்கிய நாய் செந்நிற மேனியும் கரிய முகமும் உடையது. காட்டுப்பன்றியை மறித்து நிற்கும் வலிமையால் புகழ்பெற்றது. கரிசல் நிலத்துச் சிப்பிப்பாறை நாயோ ஒல்லிய உடலும் ஆழ்ந்த மார்பும் கொண்டு, முயலைக் கண்ணாற் கண்டு துரத்துவது. இங்கிலாந்தின் பீகிள் மோப்பத்தால் தொடர்வது. தொழில் வேறு, ஆதலின் உடலும் வேறு.

அந்நாளில் வேட்டையே தேர்வுக்களம். அதில் வென்ற நாயின் குட்டிகளையே விரும்பி வளர்த்தனர். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991-இல் அது திருத்தப்பெற்றபோது வேட்டை ஏறத்தாழ முற்றும் தடுக்கப்பட்டது. விலங்குகளுக்கு அது நன்றே. ஆயினும் தேர்வு மறைந்தமையால் நிறமே அளவுகோலாகத் தலைப்பட்டது. 2005-இல் அஞ்சல் தலையிற் சிறப்பிக்கப்பெற்ற இராசபாளையத்து நாயிடம் நாம் தூவெண்மையைத் தேடுகிறோம். அவ்வெண்மையோடு சில குட்டிகளுக்குச் செவிட்டுத்தன்மையும் வந்து சேர்கிறது.

ஆதலின், வெளிமாநிலத்தில் வாழும் நாம் ஊர்நாட்டுக் குட்டியொன்றை வாங்க முற்படுங்கால், அதன் செவிப்புலனையும், ஈன்ற நாய்களின் ஓட்டம், துணிவு, ஏவல் கேட்கும் இயல்பு ஆகியவற்றையும் முதற்கண் ஆராய்வோமாக. நிறம் பின்னர் வரட்டும். குலத்தைக் காப்பது குணமே.