முதலில் மாற்றப்பட்டவர் தலைமை ஆசிரியர்

1965 ஏப்ரல் 11. டெக்சாஸில் சிறுவயதில் தான் படித்த ஓரறைப் பள்ளி முன்பு, முதல் ஆசிரியை பக்கத்தில் அமர்ந்திருக்க, அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு மத்திய அரசின் பணம் வரத் தொடங்கியது.

அந்தப் பணத்துக்குக் கறாராகக் கணக்குக் கேட்டது, ஜார்ஜ் புஷ் 2002-இல் கொண்டுவந்த 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' சட்டம். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு. 2014-க்குள் அத்தனை பேரும் தேறியாக வேண்டும்!

தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியர்கள் பலர் இதை முழுதாக வெறுக்கவில்லை. கறுப்பினப் பிள்ளைகள், மாற்றுத்திறன் பிள்ளைகள் என மதிப்பெண்களைப் பிரித்துக் காட்டச் சொன்னதால், பள்ளிச் சராசரிக்குள் ஒளிந்திருந்த குறைகள் அம்பலமாயின. அது பெரிய நன்மைதான். ஆனால் அறிவியலுக்கும் ஓவியத்துக்கும் நேரம் சுருங்கியது. பல பள்ளிகளில் ஆசிரியர் அறைச் சுவரில் பிள்ளைக்கு ஓர் அட்டை: சிவப்பு, மஞ்சள், பச்சை. தேர்ச்சிக் கோட்டை ஒட்டி நின்ற மஞ்சள் பிள்ளைகளுக்கே சில இடங்களில் கூடுதல் கவனிப்பு கிடைத்தது. மிகவும் பின்தங்கிய சிவப்புப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். இது கொடுமை.

பின்தங்கிய பள்ளிகளுக்கான ஒபாமா காலத்து மேம்பாட்டு நிதி இன்னும் கடுமையானது. அந்த நிதியைப் பெற, வகுத்துத் தரப்பட்ட மேம்பாட்டு வழிகளில் ஒன்றைப் பள்ளி ஏற்க வேண்டும்; பெரும்பாலான பள்ளிகள் தேர்ந்தெடுத்த வழிகளில் தலைமை ஆசிரியரை மாற்றுவதே முதல் நிபந்தனை. மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று 2017-இல் அரசின் மதிப்பீடே சொன்னது. அதற்கு முன்பே, 2015 டிசம்பரில் வந்த புதிய சட்டம், மேம்பாட்டு வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மாநிலங்களிடமும் மாவட்டங்களிடமும் ஒப்படைத்திருந்தது. ஆண்டுத் தேர்வுகள் மட்டும் தொடர்கின்றன.