1812-இல் மலையேறிய அப்ரண்டிஸ்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்து, சிவில் டிப்ளமோ முடித்த தம்பி ஒருவர் சென்ற மாதம் எங்களைத் தேடி வந்தார். வடிவமைப்பும் கட்டுமானமும் சேர்த்துச் செய்யும் ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. ஆறு மாதம். சம்பளம் இல்லை, தங்க இடம் இல்லை, முடிவில் சான்றிதழ் மட்டும் உண்டு. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எங்காவது கடன் கிடைக்குமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். "உதவித்தொகை கேட்டீங்களா தம்பி?" என்றோம். "கத்துக்கத்தானே அண்ணா போறேன், காசு எப்படிக் கேக்கிறது?" என்றார். அவருடைய அப்பா இருபது வருடமாகக் குன்னூரில் சென்ட்ரிங் வேலை பார்ப்பவர்.

கற்றுக்கொள்பவன் காசு கேட்கக் கூடாது என்று இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? இந்த மலையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லையே.

1812-இல் கோவை கலெக்டராக இருந்த காரோ, நீலகிரியைப் பார்த்து வர இரண்டு பேரை அனுப்பினார். ஒருவர் வில்லியம் கீஸ், உதவி ரெவின்யூ சர்வேயர். மற்றவர் மக்மகோன், அவருடைய அப்ரண்டிஸ். ஜான் சல்லிவன் மேலே வருவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. ஊட்டி வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பயணத்தை இரண்டு வரியில் கடந்துவிடுவார்கள். நாங்கள் அந்த 'அப்ரண்டிஸ்' என்ற சொல்லில் நின்றுவிட்டோம். இந்த மலையின் எழுதப்பட்ட வரலாறு தொடங்கும் இடத்திலேயே வேலை பழக வந்த ஒரு பையன் பெயரோடு இருக்கிறான். அவர்களுடைய கருவிகளையும் கூடாரத்தையும் அரிசி மூட்டையையும் முதுகில் ஏற்றியவர்களின் பெயரை நாங்கள் படித்த எந்த நூலிலும் கண்டதில்லை. அவர்களும் அதே பாதையில்தான் ஏறினார்கள். மலையை அளப்பது எப்படி என்பதை அவர்களும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

சரி, அந்தக் காலத்தில் யார் அப்ரண்டிஸ் ஆனார்கள்? பெரிய வீட்டுப் பிள்ளைகளா? இல்லை. 1794-இல் சென்னையில் மைக்கேல் டாப்பிங் முயற்சியில் சர்வே பள்ளி தொடங்கியபோது அதில் சேர்க்கப்பட்டவர்கள் எட்டுப் பையன்கள். எட்டுப் பேரும் ஆண்கள் அநாதை விடுதியில் இருந்தவர்கள். ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கு, பெரும்பாலும் இந்தியத் தாய்மார் வயிற்றில் பிறந்து, கேட்பாரற்றுக் கிடந்த பிள்ளைகள். இங்கிலாந்திலிருந்து சர்வேயர்களைக் கொண்டுவந்தால் செலவு அதிகம் என்பதால் கம்பெனி கண்டுபிடித்த மலிவான வழி அது. கருணை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆனால் கம்பெனி அந்தப் பையன்களுக்குச் சோறு போட்டது, கணக்குச் சொல்லிக் கொடுத்தது, கையில் கருவியைக் கொடுத்தது, அப்ரண்டிஸ் என்று பதிவேட்டில் எழுதியது. சில ஆண்டு கழித்து உதவி சர்வேயர் ஆக்கியது. அந்தப் பள்ளிதான் வளர்ந்து, 1859-இல் கல்லூரியாகி, இன்று கிண்டி பொறியியல் கல்லூரியாக நிற்கிறது. 'மெரிட்' என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்கிறவர்கள் தங்கள் கல்லூரியின் முதல் எட்டு மாணவர்களை நினைத்துப் பார்க்கலாம். அவர்கள் எந்தத் தகுதியோடும் உள்ளே வரவில்லை. வயிற்றுப்பாட்டை அரசு ஏற்றுக்கொண்டதால் தகுதி பின்னால் வந்தது.

எட்டு அநாதைகளுக்குச் செய்ததை எட்டுச் சேரிப் பிள்ளைகளுக்கும் கம்பெனி செய்திருக்க முடியும். செய்யவில்லை.

நம்மவர்களுக்குக் கட்டுமானம் தெரியாது என்பதல்ல காரணம். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் ஏறும் பாதையை 1821 முதல் 1823 வரை வெட்டியவர்கள் பயனியர் படையினரும் கைதிகளும். பின்னர் குன்னூர் மலைப்பாதையையும் பயனியர்களே போட்டார்கள். பயனியர் படையிலும், அது போய்ச் சேர்ந்த மெட்ராஸ் சேப்பர்ஸ் படையிலும் பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். பாறைக்கு வெடி வைப்பது, நீர் வடியும்படி சரிவு கொடுப்பது, தடுப்புச்சுவர் எழுப்புவது எல்லாம் அவர்கள் கைக்குப் பழக்கம். அங்கே நாயக், ஹவில்தார், ஜமேதார் என்று ஏறப் படிகளும் இருந்தன. படையை விட்டு வெளியே வந்து அதே பாறையை உடைத்தால் அவர் பெயர் கூலி, அவ்வளவுதான்.

இதே மலையின் கோத்தர்களையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தச்சு, கொல்லு, மண்பாண்டம் மூன்றும் தெரிந்த சமூகம். தோடருக்கும் படுகருக்கும் தேவையானதைச் செய்து கொடுத்தவர்கள். தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய அந்தக் கல்விக்கு வெள்ளைக்காரர்களின் ஊட்டியில் ஒரு சான்றிதழும் கிடைக்கவில்லை. தோல் வேலை செய்கிறவர்கள் என்ற இழிபெயர்தான் புத்தகங்களில் ஏறியது.

பிறகு பெரிய கட்டடங்களின் காலம். ஊட்டி நீலகிரி நூலகத்தைப் பார்த்து வியக்கும் எவரும் ராபர்ட் சிஸம் என்ற கட்டடக் கலைஞரின் பெயரைச் சொல்வார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும், ஊட்டி வரை 1908-இலும் ரயில் வந்தது. 46 கிலோமீட்டர், 16 சுரங்கங்கள், சுமார் 250 பாலங்கள். 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அந்தப் பாலங்களைக் கட்டிய கைகளுக்கு மேஸ்திரி பதவிதான் உச்சி. அதுவும் ஆள் சேர்த்து வரத் தெரிந்தவனுக்கு. வரைபடம் இருக்கும் அறைக்குள் போகும் கதவு வேறு பக்கம் இருந்தது.

இந்தக் கதவைப் பற்றி முதலில் உரக்கப் பேசிய குரலும் இதே மலையிலிருந்து எழுந்ததுதான். நீலகிரியில் வளர்ந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். அவருடைய உறவினர் இரட்டைமலை சீனிவாசன் இதே மலையில் ஐரோப்பியர் வணிக நிறுவனத்தில் கணக்கராக வேலை தொடங்கினார். சுமார் பத்தாண்டு அங்கே இருந்துவிட்டு 1890-இல் சென்னைக்குப் போனார். பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவருக்கு முதல் உத்தியோகம் மலைமேல் ஒரு கம்பெனியின் கணக்குப் புத்தகம். உள்ளே ஒரு நாற்காலி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? 1891 டிசம்பர் 1-இல் ஊட்டியில் திராவிட மகாஜன சபை கூடி நிறைவேற்றிய பத்துத் தீர்மானங்களில் பொதுக்கிணறு இருந்தது. அதோடு பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும், படித்தவர்களுக்கு அரசு உத்தியோகமும் இருந்தன. தண்ணீரும் வேலையும் ஒரே தாளில்.

சுதந்திரத்துக்குப் பிறகு குந்தா நீர்மின் திட்டம் கனடா உதவியோடு எழுந்தது. 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்தானது. அப்படித் திரும்பி வந்தவர்களில் பெரும்பகுதி தலித்துகள். அவர்களுக்காகவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. தோட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள் கட்டட வேலைக்குப் போனார்கள். இன்று குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் எழும் காட்டேஜ்களில் கம்பி கட்டுகிறவரைக் கேட்டுப் பாருங்கள், அவருடைய தாத்தா கண்டியிலோ நுவரெலியாவிலோ பிறந்தவராக இருக்கக் கூடும். அந்த வேலையிலும் ஏணி ஒன்று உண்டு. கையாளாகச் சேரும் ஆண் சில வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிறான். சித்தாளாகச் சேரும் பெண் பேரன் எடுத்த பிறகும் சித்தாள்.

தொழில் பழகும் இடம் கேட்டுப் பெற வேண்டிய உரிமை என்பதை அம்பேத்கர் தெளிவாகப் பார்த்தார். 1942-இல் வைஸ்ராய்க்குக் கொடுத்த குறைகள் பற்றிய மனுவில் அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் பட்டியல் சாதிப் பிள்ளைகளை அப்ரண்டிஸாக எடுக்கச் சொன்னார். பொதுப்பணித் துறை ஒப்பந்தங்களில் நம்மவர்கள் இல்லாததையும் அதே மனுவில் எழுதினார். 1961-இல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. 1973 திருத்தத்தில் 3ஏ பிரிவு சேர்ந்தது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பயிற்சி இடங்களில் ஒதுக்கீடு, தனியார் நிறுவனத்திலும்! தனியார் துறையில் இட ஒதுக்கீடே கிடையாது என்று மேடையில் பேசும் நம் தோழர்களுக்கே இது பல சமயம் தெரிவதில்லை. 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து எண்ணி, 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். உதவித்தொகை கட்டாயம். டிப்ளமோ, பட்டதாரிகளுக்கான தேசியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகையில் பாதியை ஒன்றிய அரசே ஏற்கிறது.

ஆனால் 'இன்டர்ன்' என்று பெயரை மாற்றிவிட்டால்? இந்தச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. ஒதுக்கீடு இல்லை, உதவித்தொகை இல்லை, பதிவேடும் இல்லை. மாமா வேலை செய்யும் அலுவலகத்தில் சேரும் பையனுக்கு இது பொருட்டில்லை, அப்பா வாடகை கட்டுவார். ஆறு மாதம் ஆட்டோகேடில் உட்கார்ந்து, சைட்டுக்குப் போய், அளவுப் புத்தகம் எழுதப் பழகி, முடிவில் அங்கேயே ஜூனியர் இன்ஜினியர் ஆகிவிடுவான். லைன் வீட்டுப் பையன் ஊரிலேயே சூப்பர்வைசர் என்ற பெயரில் ஆள் எண்ணிக்கொண்டும் சிமெண்ட் மூட்டைக்குக் கணக்கு எழுதிக்கொண்டும் நிற்பான். ஐந்து வருடம் கழித்து இருவரும் ஒரே நேர்காணலுக்குப் போனால், ஒருவருக்கு 'டிசைன் அனுபவம்' இருக்கும். இன்னொருவருக்கு இருக்காது.

தம்பியிடம் கடனுக்கு வழி சொல்லவில்லை. நிறுவனத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டோம். அலுவலகத்தில் நாற்பதுக்கு மேல், சைட்டில் இன்னும் அதிகம் என்றார். தேசிய அப்ரண்டிஸ் திட்டத்தின் இணையதளத்தில் தன் பெயரைப் பதிந்துகொண்டு, 'இன்டர்ன் வேண்டாம், டிப்ளமோ அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கடிதம் எழுதச் சொன்னோம். சேர்ந்து உட்கார்ந்து எழுதினோம். கல்லூரி பிளேஸ்மென்ட் அதிகாரிக்கு ஒரு நகல், தரமணியில் உள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியத்துக்கு ஒரு நகல். முதல் வரியை அவர் தயங்கித் தயங்கித்தான் எழுதினார். 'பணிவுடன் வேண்டுகிறேன்' என்று தொடங்கியதை அவரே அடித்துவிட்டு, 'சட்டப்படி' என்று எழுதினார். பதில் இன்னும் வரவில்லை.