பாலீறும் விண்ணப்பப் படிவமும்: பிரித்திகா யாஷினி வழக்கு

ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கெனத் தனியொரு பாலீறு இல்லை. உயர்திணைக்குரிய ஈறே அதற்கும் பொருந்தும் என்கிறது தொல்காப்பியக் கிளவியாக்கம். அப்பெயர் ஆண்பால் ஈற்றை ஏலாது என்றும் அதே இயல் விலக்குகிறது. இவ்விலக்கு இலக்கணத்தளவில் நின்றதேயன்றி அலுவலகப் பதிவேடுகளை எட்டவில்லை என்பதற்கு 2015ஆம் ஆண்டின் வழக்கொன்று சான்றாகிறது.

சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி கணினிப் பயன்பாட்டியலில் இளநிலைப் பட்டம் பெற்றவர். குடும்பத்தார் ஏற்காத நிலையில் சென்னைக்கு வந்து விடுதிக் காப்பாளராகப் பணியாற்றினார். காவல் உதவி ஆய்வாளர் பதவிக்கு அவர் விண்ணப்பித்தபோது படிவத்தில் ஆண், பெண் என்னும் இரு பிரிவுகளே இருந்தன. சான்றிதழ்களிலோ பழைய ஆண்பெயர். விண்ணப்பம் தள்ளப்பட்டது. மூன்றாம் பாலினத்தை ஏற்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்த பின்னர் நிகழ்ந்தது இது. தமிழக அரசு திருநங்கையர்க்கென 2008இலேயே நலவாரியம் கண்டிருந்தது என்பதும் ஈண்டு நினையத்தக்கது. நலத்திட்டப் பயனாளியாக ஏற்கப்பட்டவர் அரசுப் பணியாளராக ஏற்கப்படவில்லை.

சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் அவர் தேர்வெழுதினார். உடற்தகுதித் தேர்வின் நூறு மீட்டர் ஓட்டத்தில் ஏறத்தாழ ஒரு நொடி பிந்தினார். நீதிமன்றம் அதனைத் தடையாகக் கொள்ளவில்லை. 2015 நவம்பரில் வெளிவந்த தீர்ப்பு, அவர் பணிக்கு உரியவர் என்றதுடன், அடுத்த தேர்வில் மூன்றாம் பிரிவைச் சேர்க்கவும் தேர்வு வாரியத்தைப் பணித்தது. 2017இல் தருமபுரி மாவட்டத்தில் அவர் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார்.