கலிபோர்னியச் சமூகக் கல்லூரிகளில் வருகைப்பதிவும் வகுப்பு விலகலும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கச் சமூகக் கல்லூரிகளில் வருகைப்பதிவு ஒழுக்க நெறியாக மட்டும் நிலவவில்லை. அரசு நிதியைக் கணக்கிடும் அலகாகவும் அது வளர்ந்தது. கலிபோர்னியாவை முன்வைத்து அவ்வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. வகுப்பிலிருந்து விலகுவதால் நேரும் இழப்பு காலப்போக்கில் நிறுவனத்திடமிருந்து மாணவரிடம் நகர்ந்தது என்பதே இதன் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: சமூகக் கல்லூரி, வருகைப்பதிவு, கணக்கெடுப்பு நாள், வகுப்பு விலகல், நிதிப் பங்கீடு.

முன்னுரை

1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கப்பெற்ற இளநிலைக் கல்லூரி, அமெரிக்கப் பொதுச் சமூகக் கல்லூரிகளின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. கலிபோர்னியாவில் 1907ஆம் ஆண்டுச் சட்டம் உயர்நிலைப் பள்ளிகள் பள்ளிக்கல்விக்கு மேற்பட்ட பாடங்களை நடத்த இசைவளித்தது. அதன்வழி 1910இல் பிரெஸ்னோவில் அம்மாநிலத்தின் முதல் இளநிலைக் கல்லூரி உருவானது. இவை பள்ளியின் நீட்சியாகப் பிறந்தமையே பின்னாளைய வருகைப்பதிவு முறையை விளங்கிக்கொள்ளத் திறவுகோலாக அமைகிறது.

பள்ளி மரபும் சராசரி நாள்வருகையும்

கலிபோர்னியப் பள்ளிகளுக்கு ‘சராசரி நாள்வருகை’ என்னும் அளவையின்படி அரசு நிதி வழங்கப்பட்டது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனி மாவட்டங்கள் அமைக்க வழி பிறந்த பின்னரும் இளநிலைக் கல்லூரிகள் இவ்வளவையையே பின்பற்றின. 1960இல் வகுக்கப்பெற்ற உயர்கல்விப் பெருந்திட்டம், பயன்பெறக்கூடிய அனைவருக்கும் இக்கல்லூரிகளின் கதவைத் திறந்துவைத்தது. கல்லூரிகளுக்கெனத் தனி மாநில ஆளுநர் குழு 1967இல் நிறுவப்பட்டது. ஆனால் பள்ளிக் கணக்கு முறை உடனே மறையவில்லை. 1990களின் தொடக்கத்தில்தான் அவ்விடத்தை ‘முழுநேர மாணவர் இணை’ என்னும் அலகு பெற்றது. அதன் மதிப்பு 525 வகுப்பு மணி நேரம். வாரத்திற்கு 15 மணி வீதம் 35 வாரங்கள் பயிலும் ஒரு மாணவரின் நேரம் இது.

கணக்கெடுப்பு நாள்

வழக்கமான பருவ வகுப்புகளில் நாள்தோறும் வருகையை எண்ணிக் கூட்டுவதில்லை. பருவத்தின் ஐந்தில் ஒரு பகுதி முடிவதையொட்டி வரும் ஒரு நாள் கணக்கெடுப்பு நாளாகக் கொள்ளப்படுகிறது. அன்று பட்டியலில் உள்ளோர் எண்ணிக்கையே நிதிக்கு அடிப்படை. அதற்கு முன்பாக, ஒருமுறையும் வராதோரையும் தொடர்ந்து பங்கேற்காதோரையும் ஆசிரியர் நீக்கிவிட வேண்டும் என மாநில ஒழுங்குமுறைகள் கூறுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். வாரம் 3 மணி நேரம், 17.5 வாரம் நடைபெறும் ஒரு வகுப்பில் கணக்கெடுப்பு நாளன்று 40 பேர் உள்ளனர் எனக் கொள்வோம். மொத்தம் 2,100 மணி நேரம். அதாவது 4 அலகுகள். பருவ இறுதியில் 30 பேரே எஞ்சினாலும் இவ்வெண் குறையாது. கணக்கெடுப்பு நாளுக்குப் பிந்தைய விலகலால் அவ்வகுப்பின் நிதிக் கணக்கில் கல்லூரிக்கு இழப்பில்லை.

விலகலின் சுமை

மாணவரின் நிலை வேறு. பருவத் தொடக்கத்தில் விலகினால் மதிப்பெண் சான்றில் எக்குறிப்பும் இராது. அதன்பின் பருவத்தின் 75 விழுக்காடு வரை விலகுவோருக்கு ‘டபிள்யூ’ குறி இடப்படும். இது மதிப்பெண் சராசரியைப் பாதிக்காது. எனினும் முடிக்கப்பெறாத பாடங்கள் பாதியை எட்டினால் மாணவர் கண்காணிப்பு நிலைக்கு உட்படுவார். முறைப்படி விலகாமல் வருகையை மட்டும் நிறுத்தியவர், ஆசிரியராலும் நீக்கப்படாவிடின், தோல்விக் குறியைப் பெற நேரும்.

நடுவணரசின் நிதியுதவி விதிகள் இச்சுமையை மேலும் கூட்டின. 1998ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத் திருத்தத்தின்படி, பருவத்தின் 60 விழுக்காடு நிறைவுறுமுன் அனைத்து வகுப்புகளையும் கைவிடும் மாணவருக்கு வழங்கிய உதவியில், பயிலாத காலத்திற்குரிய பகுதி திருப்பப்பட வேண்டும். இதனால் கடைசியாக வகுப்பில் கலந்துகொண்ட நாள் பணமதிப்புடைய தரவாயிற்று. இணையவழி வகுப்பில் உள்நுழைவது மட்டும் பங்கேற்பாகாது; ஒப்படைப்பு, தேர்வு, பாடம் சார்ந்த உரையாடல் முதலியனவே சான்றாகும்.

திறந்த கதவும் வெளியேறும் வழியும்

பர்ட்டன் கிளார்க் 1960இல் வெளியிட்ட ஆய்வு, அனைவரையும் சேர்க்கும் கல்லூரி பலரின் உயர் இலக்குகளைப் படிப்படியாகத் தணிப்பதையும் தன் பணியாகக் கொள்கிறது என வாதிட்டது. அவர் கவனம் ஆலோசனை, தேர்வு, தகுதி எச்சரிக்கை ஆகியவற்றின் மீது குவிந்தது. விலகல் விதிகளையும் அவ்வரிசையில் வைத்து நோக்க இடமுண்டு. எனினும் இரண்டும் ஒன்றல்ல. கிளார்க் சுட்டிய தணிப்பு மாற்றுப் பாதையைக் காட்டியது. கணக்கெடுப்பு நாள் விதி எப்பாதையையும் காட்டுவதில்லை. பணிநேர மாற்றத்தாலோ குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளின்மையாலோ வராதவரும் படிப்பில் நாட்டமின்றி வராதவரும் அப்பட்டியலில் ஒரே வகையினரே.

முடிவுரை

2018இல் நடைமுறைக்கு வந்த புதிய நிதிச் சூத்திரம், சேர்க்கையோடு மாணவர் தேர்ச்சிக்கும் ஒரு பங்கினை ஒதுக்கியது. அது கணக்கெடுப்பு நாளுக்குப் பிந்தைய வாரங்களுக்கும் ஓரளவு நிதி மதிப்பை அளித்தது. ஆயினும் சேர்க்கையே பெரும்பங்கை வகிக்கிறது. பள்ளியிலிருந்து பெற்ற ஓர் எண்ணும் முறை, விரும்பிச் சேரும் முதியோர் கல்விக்குள் நுழைந்து, நிறுவனத்தின் வருவாயை முற்பகுதியிலும் மாணவரின் இழப்பைப் பிற்பகுதியிலும் நிறுத்தியது. எனவே வருகை விதிகளை ஆராய்வோர் மாணவர் ஏன் வரவில்லை என்பதோடு, அவர் வராமை எந்நாளிலிருந்து யாருக்கு இழப்பாகிறது என்பதையும் வினவுதல் வேண்டும்.